மாரீசன் மானாகும் வகை

ஓர் உருவம் நம் கண்முன்னே மற்றோர் உருவமாக மாறுவதைத் திரையில் காட்டும் முறைக்கு ‘மார்ஃபிங்’ என்று பெயர். தமிழில் உருமாற்றம் எனலாம். 1988-இல் வெளிவந்த ‘வில்லோ’ என்னும் ஆங்கிலப் படத்தில் இது கையாளப்பட்டது; 1991-இல் மைக்கேல் ஜாக்சனின் ‘பிளாக் ஆர் ஒயிட்’ பாடற்காட்சியால் உலகெங்கும் பெயர் பெற்றது. அன்று பெரும் பொருட்செலவில் நடந்த வேலையை இன்று வீட்டுக் கணினியிலேயே செய்துகொள்ளலாம்.

இதற்கு எடுத்துக்காட்டைப் பாலக்காட்டு மாணவர் வெளியே தேட வேண்டுவதில்லை. நம் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், நீண்ட திரைக்குப் பின்னே 21 விளக்குகளை ஏற்றி நிகழ்த்தும் தோற்பாவைக் கூத்தை நோக்குக. மலையாள நாட்டில், பகவதி கேட்கப் பாடப்படுவன கம்பன் பாடல்கள்! தமிழ் மன்றத்தாராகிய நாம் இதனை அறியாதிருத்தல் முறையன்று. மாரீசன் பொன்மானாகும் கட்டத்தில் அரக்கப் பாவை அகன்று மான்பாவை வரும். இடையே நிகழும் மாற்றத்தைப் புலவரின் பாட்டும் உரையும் கேட்போர் மனத்தில் நிகழ்த்திவிடும்.

அவ்விடைவெளியைக் கணினியால் நிரப்பிப் பார்க்க விரும்பினேன். புலவர் ஒருவரின் இசைவுடன், கூத்து இல்லாத நாளில், வெள்ளைத் துணிக்குப் பின் விளக்கு வைத்து இரு பாவைகளின் நிழலையும் தனித்தனியே படம் பிடித்தேன். கேமராவை இடம் பெயர்க்கவில்லை.

ஒரு படத்தை மங்கச் செய்து மற்றொன்றைத் தெளியச் செய்தல் உருமாற்றம் ஆகாது. நடுவில் இரண்டு தலையும் ஆறு காலும் உடைய பேயுருவமே தோன்றும். முதலில் இரு படங்களிலும் ஒத்த புள்ளிகளைக் குறித்தல் வேண்டும்: கண்ணுக்குக் கண், மூக்குக்கு மூக்கு, அரக்கன் கைக்கு மானின் முன்னங்கால். அரக்கன் கண் திரையின் இடவோரத்திலிருந்து 300 புள்ளி தொலைவிலும், மானின் கண் 420 புள்ளி தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். வினாடிக்கு 25 படமாக 2 வினாடிக்கு 50 படம். 10-ஆம் படத்தில் கண் 324-இல் நிற்கும். 25-ஆம் படத்தில் 360-இல் நிற்கும். இவ்வாறு இரு படங்களையும் ஒரே வடிவுக்கு வளைத்த பின்னரே ஒன்றை மங்கச் செய்து மற்றொன்றைத் தெளியச் செய்தல் வேண்டும். வளைப்பதும் கலப்பதும் சேர்ந்ததே உருமாற்றம்.

கொம்புக்கு என் செய்வது? அரக்கனிடம் அதற்கு ஒத்த உறுப்பில்லை. கொம்பின் நுனிப் புள்ளிகள் அனைத்தையும் அரக்கனின் உச்சந்தலையில் ஒரே இடத்தில் குவித்து வைத்தேன். கொம்பு அங்கிருந்து முளைத்து எழுந்தது. வாலும் அவ்வாறே. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது இந்தச் சிறு தந்திரந்தான். திரையின் நான்கு மூலைகளிலும் அசையாப் புள்ளிகளை நட்டுவிடுக; இல்லையேல் பின்னுள்ள துணியும் உருவத்தோடு இழுபடும். ஆடும் பாவையை எடுத்துக்கொண்டால் புள்ளிகளை அடிக்கடி திருத்த நேரும். தொடக்கக்காரர் நிலைப்படத்தோடு அமைவது நன்று.

இனி ஒரு தடை. கோயிலில் நிகழும் கூத்தைப் பதிவுசெய்யும் படத்தில் இவ்வித்தையைச் சேர்த்தல் கூடாது என்பது என் துணிபு. 2015-இல் அடோபி பிரிமியரில் ‘மார்ஃப் கட்’ என்னும் வசதி வந்தது. ஒருவர் பேச்சின் நடுவே சில சொற்களை வெட்டினால் முகம் துள்ளும். இவ்வசதி இடைப்படங்களைத் தானே ஆக்கி அத்துள்ளலை மறைத்துவிடும். செவ்விக்கு இது உதவலாம். புலவர் உரைக்கு இதனைப் பயன்படுத்தினால், ஒரு பாட்டே விடுபட்டாலும் பார்ப்போர் அறியார். நாளை அப்பதிவைக் கேட்டுப் பாடம் பயில்வோன் குறைபட்ட உரையையே முழுமையெனக் கொள்வான். ஆதலின் வெட்டிய இடத்தில் 2 வினாடி கருந்திரை இட்டு, நீக்கப்பட்டது எத்தனை நிமிடம் என்பதை அதன்மேல் எழுதிவிடுக.