கூண்டில் ஏறுவதோடு முடிந்ததா?

கேள்வி: என் தம்பியை அடித்துக் கையை முறித்துவிட்டார்கள். நான்தான் புகார் கொடுத்தேன். நான்கு மாதமாகிறது. ஸ்டேஷனில் கேட்டால், "எல்லாம் கோர்ட்டுல பாத்துக்கோம்மா" என்கிறார்கள். வழக்கை நடத்துவது அரசு வக்கீல். எங்களுக்கு இதில் என்ன இடம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சாட்சிக் கூண்டில் ஏறி இறங்குவதோடு உங்கள் பங்கு முடிந்துவிடுவதில்லை, சகோதரி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் உங்களுக்கும் இடம் தருகிறது.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 193). உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. பிரிவைக் குறிப்பிட்டு எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நீதிமன்ற அனுமதியுடன் தம்பி சொந்த வக்கீல் வைக்கலாம். அவர் அரசு வக்கீலுக்குத் துணையாகவே செயல்படுவார். எழுத்து வாதம் தரலாம். அரசு வழக்கை வாபஸ் வாங்க நினைத்தாலும், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக்கூடாது.

எதிரி விடுதலையானாலோ, நஷ்டஈடு குறைந்தாலோ தம்பியே மேல்முறையீடு செய்யலாம். 'தண்டனை போதாது' என்று மட்டும் சொல்லிப் போக முடியாது. அது அரசின் கையில்.

வக்கீலுக்குப் பணமில்லையா? நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் படியேறுங்கள். நஷ்டஈட்டுக்கும் அங்கே வழி கேட்கலாம்.