இடித்துக் கட்டுமுன் ஒரு கணக்கு

கோவையில் பம்ப் உதிரிபாகம் விற்கிற ஒருவர் போன வாரம் போன் செய்தார். "பையன் காலேஜ் முடிச்சு வந்திருக்கானுங்க. நம்ம வெப்சைட்டு பழசாயிருச்சு, மொத்தமா மாத்தோணும்ங்கறான். என்ன பண்ணலாமுங்க?"

வாங்க வருகிறவர்கள் யாராவது குறை சொன்னார்களா என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. இப்படித்தான் நிறையப் பேர் மாற்றுகிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் மாற்றியிருப்பார், அல்லது வீட்டுப் பிள்ளை வற்புறுத்தும்.

விட்டுவைக்கலாம், ரிப்பேர் செய்யலாம், புதிதாகக் கட்டலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பல குறைகளுக்கு ரிப்பேரே போதும். 'பாதுகாப்பற்றது' என்று குரோம் காட்டுகிறதா? எச்டிடிபிஎஸ் இல்லாத எல்லாத் தளங்களையும் 2018 ஜூலையிலிருந்து அது அப்படித்தான் காட்டுகிறது. எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்காகத் தளத்தையே மாற்ற வேண்டாம். தமிழ்ப் பக்கங்களைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால் செல்போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடினாலும் சிக்காது. அதையும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றியே ஆக வேண்டிய தளங்களும் உண்டு. செல்போனில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் படிக்க வேண்டியிருந்தால், தளம் ஓடுகிற பிஎச்பி மென்பொருளை 5.6 பதிப்புக்கு மேல் ஏற்றவே முடியாமல் நின்றுவிட்டால், தயங்க வேண்டாம். அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுபோயின.

என் பயமெல்லாம் அழகுக்காக இடிப்பதைப் பற்றித்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு பேரிங் கடைக்கு நானே அப்படிக் கட்டிக்கொடுத்தேன். பழைய தளத்தில் ஒரு நீளமான அட்டவணை இருந்தது. 6204 எண் பேரிங் என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். இப்படியே வரிசை வரிசையாக எண்கள். பார்க்கச் சகிக்காது. அதைத் தூக்கிவிட்டு, குடோனை மேலிருந்து எடுத்த டிரோன் வீடியோவை முகப்பில் வைத்தேன். முதலாளிக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு மாதத்துக்குள் விசாரிப்பு போன்கள் குறைந்துபோயின. மெக்கானிக்குகள் எண்ணைத் தேடி அந்த அட்டவணைக்குத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அந்த முகவரியே இல்லாமல் போனதால் வந்தவர்கள் பிழைப் பக்கத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். அட்டவணையைப் பழைய முகவரியிலேயே திரும்ப வைத்த பிறகும், கூகுளில் பழைய இடத்துக்கு வரப் பல மாதம் பிடித்தது. அந்த மாதங்களில் அவர் இழந்த வியாபாரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் நான் ரிப்பேர் பக்கம் சாய்கிறவன். உங்கள் தொழிலின் இயல்பு என்ன என்று முதலில் பாருங்கள். நகைக்கடைக்குப் படம் பேசும், பேரிங் கடைக்கு எண்தான் பேசும். அடுத்தவருக்குப் பொருந்தியது உங்களுக்கும் பொருந்த வேண்டியதில்லை. ஒரு தளம் பெயர் எடுக்க வருடங்கள் ஆகும், அவசரப்படாதீர்கள்.

கோவைக்காரரிடம் ஒரு வேலை மட்டும் சொன்னேன். கூகுளின் சர்ச் கன்சோலில் 16 மாதக் கணக்கு இருக்கும். கூகுளில் தேடி எந்தப் பக்கத்துக்கு எத்தனை கிளிக் வந்தது என்று பையனை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டுவதென்றே முடிவானாலும், அந்த நோட்டிலுள்ள ஒவ்வொரு பழைய முகவரிக்கும், வருகிறவரைப் புதிய பக்கத்துக்கு அனுப்பும் 301 திருப்பிவிடல் போட்டு, குறைந்தது ஒரு வருடமாவது எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். விலை பேசும்போதே இதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.