ஜப்பான் ஜெயித்த மலையகத்தை எழுதப்போகும் மருமகளுக்கு

தாயி, நீ அனுப்பிய கதைச் சுருக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். 1942இல் ஜப்பான் இலங்கையைப் பிடித்துவிடுகிறது. நூறு வருடம் கழித்து ஹட்டன் கடைத்தெரு முழுக்க ஜப்பானிய எழுத்தில் விளக்குப் பலகைகள். கொழுந்து பறிக்கிறவளின் கழுத்துக்குள் ஒரு சில்லு. அவள் எந்த மலையில் எந்த நிரையில் நிற்கிறாள் என்று டோக்கியோவில் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். உன் வயதில் எனக்கு இப்படியெல்லாம் தோன்றியதில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே கதை எழுதிய மாமன் என்ற உரிமையில் சில சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள், மற்றதை விடு.

1. வரலாறு திரும்பும் இடத்தை அவசரப்படாமல் தேடு. கொக்கலை விமானத் தளத்திலிருந்து போன விமானம் ஜப்பான் கப்பல்களைக் காணாமல் திரும்பிவிடுகிறது, அதனால் இலங்கை விழுகிறது என்று எழுதியிருக்கிறாய். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கனடாக்காரர் லெனார்ட் பர்ச்சல் ஓட்டிய கட்டலினா விமானம்தான் ஜப்பான் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டது. சுட்டு வீழ்த்தப்படுமுன் கொழும்புக்குச் செய்தியும் அனுப்பிவிட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது, 9ஆம் திகதி திருகோணமலையில் விழுந்தது. ஆனால் அந்தக் கப்பல்களில் நாட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆள் இல்லை. இலங்கையைப் பிடிக்க வேண்டும் என்று ஜப்பானியக் கடற்படைக்காரர் திட்டம் போட்டார்கள். சீனாவில் சிக்கிக் கிடந்த தரைப்படை ஆள் தர மறுத்துவிட்டது. அப்படியானால் உன் கதை திரும்ப வேண்டிய இடம் டோக்கியோவில் நடந்த அந்த வாக்குவாதம். என்னோடு படிப்பித்த ஒருவர் முன்பு இதே விஷயத்தை நாடகமாகப் போட்டார். மேடையில் ஜப்பான் சிப்பாய் கண்டிக்கு வந்து நின்றதும், முன்வரிசையில் இருந்த ஒரு பழைய கணக்கப்பிள்ளை, "எந்த ரோட்டால வந்தான்?" என்று கேட்டார். நாடகம் அதோடு சரி.

2. ராஜா மாறினால் தோட்டத்து வரிசை வீடான லயம் மாறிவிடும் என்று நினைக்காதே. காலையில் ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் யார் பெயர் வாசிப்பார், பேர் பதியும் செக்ரோல் யார் கையில் இருக்கும், அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போடுவது யார் என்று முதலில் முடிவு செய். கொடி என்ன நிறம் என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

3. ஜப்பான் ஆண்ட தோட்டத் தமிழனை நீ கற்பனை செய்யத் தேவையில்லை, தாயி. அவன் இருந்தான். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது மலாயா முழுவதும் ஜப்பான் கைக்குப் போயிருந்தது. அங்கே ரப்பர் தோட்டங்களில் இருந்தவர்கள் நம் ஆட்கள்தான். நம்மைப் போலவே கங்காணி கூட்டிப்போனவர்கள், நம்மைப் போலவே லயத்தில் குடியிருந்தவர்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பான் ராணுவத்துக்கு ஆள் தேவைப்பட்டது. நல்ல சம்பளம், அரிசி, கொஞ்ச மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். பிறகு வீடு புகுந்து இழுத்துப்போனார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூப்பிட்டு, கொட்டகைக் கதவை அடைத்து லொறியில் ஏற்றியதாகவும் சொல்வார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சத்துக்கு மேல். அதில் ஏறத்தாழ 90,000 பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்ததாக மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடு என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அவர்களை யாரும் எண்ணவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அதே பாதையில் செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, பராமரிப்பில் இருக்கின்றன. நம் ஆட்கள் போன இடத்தில் காடு வளர்ந்துவிட்டது.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டையும் தேடிப் படி. மலேசியத் தமிழர் எழுதிய நாவல்கள். படித்து முடித்த பிறகும் உன் நாவலில் ஜப்பான் வெறும் அலங்காரமாக வர முடியுமானால் எழுது. எனக்கென்னவோ முடியாது என்று தோன்றுகிறது. இழவு விழுந்த வீட்டில் கோலம் போடுவதற்கும் ஒரு நாள் உண்டு. அது எந்த நாள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

4. அதற்காக ஒரே பக்கமாகச் சாய்ந்தும் விடாதே. அதே மலாயாத் தோட்டங்களில் இருந்துதான் பெட்டைப் பிள்ளைகள் 1943இல் நேதாஜியின் ஜான்சிராணி படைக்குப் போனார்கள். பால்வெட்டும் கத்தி பிடித்த கை துப்பாக்கி பிடித்தது. நேதாஜியோ ஜப்பானின் கூட்டாளி. அண்ணனை அடித்து இழுத்துப்போன ராணுவத்தின் பக்கத்திலேயே, துரைமார் முன்னால் தலை நிமிராத தங்கச்சி அணிவகுத்து நிற்கிறாள். இந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள் ஒரு ராத்திரி என்ன பேச்சு நடந்திருக்கும்? எழுத்துக்காரி இருக்க வேண்டிய இடம் அது. தீர்ப்புச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள்.

5. எதிர்காலத்தை இரவல் வாங்காதே. மழையில் மினுங்கும் ஜப்பானிய விளம்பரம், மூளையில் கம்பி, எல்லாம் வாங்கிவிட்ட கம்பெனி என்ற உலகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பகுதி அமெரிக்காக்காரனின் பயத்திலிருந்து. ஜப்பானும் ஜெர்மனியும் யுத்தத்தில் ஜெயித்ததாக பிலிப் கே. டிக் 1962இலேயே நாவல் எழுதிவிட்டார். வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' 1984இல் வந்தது. கதை தொடங்குவது ஜப்பானின் சிபாவில். அந்தப் பத்தாண்டில் ஜப்பான் காரும் டிவியும் அமெரிக்கச் சந்தையை அடைத்துக்கொண்டிருந்தன. 1989இல் சோனி கொலம்பியா பட நிறுவனத்தையே வாங்கியது. அந்த வருட முடிவில் உச்சத்தில் இருந்த ஜப்பான் பங்குச் சந்தை பிறகு விழுந்து, பல வருடம் எழவில்லை. பயம் போன பிறகும் அந்தப் படம் மட்டும் நிலைத்துவிட்டது. அது அமெரிக்காக்காரனுடைய பயம். 1984இல் நம் லயத்தில் யாரும் டோக்கியோவுக்குப் பயப்படவில்லை. தமிழருக்கு எதிராக 1983 ஆடி மாதம் நடந்த கலவரத்தை நினைத்துப் பயந்தார்கள். உன் பயம் எது என்று கண்டுபிடி. நாவல் அங்கிருந்துதான் வர வேண்டும்.

6. கழுத்தில் சில்லு வைக்குமுன் கைவிரலைப் பார். ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பென்ஷன் வயதை நெருங்கிய ஒரு அம்மா, சின்ன வயதிலிருந்து கொழுந்து எடுத்தவர், விரல்ரேகைக் கருவியில் கை வைத்தார். கருவி ஏற்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பெருவிரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, எதற்கும் சிவப்பு விளக்குத்தான். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்து, வெடிப்பு விழுந்து, ரேகையே தேய்ந்து போயிருந்தது. கம்பியூட்டரில் இருந்த பிள்ளை நல்லவள்தான். "அம்மா, உங்களுக்குக் கை இல்லைன்னு சொல்லுது" என்று சிரித்துவிட்டாள். அந்த அம்மாவும் சிரித்தார். நான் பின்னால் வரிசையில் நின்றேன். நூறு வருடம் கழித்து நடப்பதாக நீ எழுத நினைக்கும் காட்சி ஒரு திங்கட்கிழமை காலையில் என் கண்முன்னால் நடந்து முடிந்தது.

தராசும் அப்படித்தான். முன்பு தொங்கு தராசு, இப்போது இலத்திரனியல் தராசு. சிவப்பு எண் 21 என்று காட்டும், புத்தகத்தில் 18 என்று விழும். சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு. மழையே பெய்யாத நாளிலும் தண்ணீருக்குக் கழித்த கதையை எந்த லயத்திலும் கேட்கலாம். ஆகவே உன் எதிர்காலத் தராசுக்குக் கண்ணும் மூளையும் வைத்துக்கொள், தாராளமாக. கழிவு எவ்வளவு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதை மறக்காமல் எழுது.

7. வேலை தெரியாமல் வேலைக்காரரை எழுதாதே. ஜப்பான் ஆண்டால் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் என்ன மாறும் என்று யோசித்தாயா? நாம் செய்வது கறுப்புத் தேயிலை. கொழுந்தை வாட்டி, ரோலரில் உருட்டி, புளிக்கவிட்டு, காயவைத்து, சலிக்கிறோம். தலவாக்கலைப் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனால் மூக்கில் ஏறுமே அந்த இனிப்பு வாசம், அது கொழுந்து வாடிப் புளிக்கிற வாசம். ஜப்பான்காரன் செய்வது பச்சைத் தேயிலை. பறித்த கையோடு ஆவியில் வேகவைத்துவிடுவான், புளிக்கவே விடமாட்டான். அப்படியானால் உன் ஹட்டனில் கீரை வேகிற வாசனைதான் வீசும். கிழவர்கள் பழைய வாசனையைத் திருட்டுத்தனமாக வீட்டுக்குள் உருவாக்கிக் குடிப்பார்கள். பார், ஒரு அத்தியாயம் தானாக வந்துவிட்டது. இயந்திர விஷயமும் கவனி. ஜப்பானில் நிரையின் மேல் வண்டி ஓட்டிக் கொழுந்து வெட்டுகிறார்கள், அங்கே செடியை அதற்கென்றே வளைத்து வளர்த்திருக்கிறார்கள். நம் மலைச் சரிவில் ஆள் நிற்பதற்கே அட்டைக்கும் வழுக்கலுக்கும் நடுவில் கால் ஊன்ற வேண்டும். கொழுந்து பறிக்க நீ வைக்கும் ரோபோவுக்கு எத்தனை கால் என்று கேட்டு எழுதியிருந்தேன், நீ இன்னும் பதில் போடவில்லை.

8. மாற்று வரலாற்றை வைத்துப் பழி தீர்க்காதே. எனக்குப் புரிகிறது, ஆசை எங்கே இருக்கிறதென்று. ஜப்பான் வந்திருந்தால் நம் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டம் வந்திருக்காது, 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மைத் தலைக்கணக்கில் பங்கு பிரித்திருக்க மாட்டார்கள். 1947இல் நம் ஆட்கள் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள், அடுத்த தேர்தலில் நமக்கு வாக்கே இல்லை. இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தோடு உட்கார்ந்து எழுதுகிறவன் கைக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான் இருக்கும். தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்துக்கும் ஒரு மாற்று வரலாறு உண்டு: 1840இல் வெள்ளைக்காரன் காட்டையும் சேனையையும் முடிக்குரிய நிலமென்று சட்டம் போட்டு எடுக்காமல் இருந்திருந்தால் என்று அவர்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியில் நாம் வரவே மாட்டோம். அப்படிக் கேட்கிற ஒரு சிங்களப் பாத்திரத்தை, அவன் பேச்சில் நியாயம் இருக்கும்படி, உன் நாவலில் வை. உன் கை நடுங்கும். நடுங்கட்டும்.

9. ஜப்பான் இங்கே உண்மையில் எப்படி வந்தது என்பதையும் பார். 1951இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் ஜே.ஆர். ஜயவர்தன ஜப்பானிடம் இலங்கைக்கு நட்டஈடு வேண்டாம் என்று பேசினார். 1982இல் ரூபவாகினி தொலைக்காட்சி நிலையம் ஜப்பானின் அன்பளிப்பாக வந்தது. லயத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் டவுனுக்குப் போய் கார் பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, தோளில் சுமந்து மலையேறி, ஜப்பான் டிவியில் படம் பார்த்தவர்கள் நாம். பெட்டரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும், எம்.ஜி.ஆர். குள்ளமாகிவிடுவார். பிறகு ஜப்பான் கடனில் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை. 2012இல் வேலை முடிந்தது, 150 மெகாவாட். ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பினார்கள், அருவியில் தண்ணீர் குறைந்தது, சில குடும்பங்கள் லயத்தைவிட்டுப் புது வீட்டுக்குப் போயின. வேண்டாம் என்று ஊர்வலம் போனவர்களும் உண்டு, கரண்ட் வரட்டும் என்றவர்களும் உண்டு. ஒரு குண்டும் போடாமல் ஒரு நாடு இன்னொரு நாட்டின் வீட்டுக்கூடத்துக்கும் ஆற்றுக்கும் வருவது இப்படித்தான். கப்பற்படையைவிட இது எழுதக் கஷ்டம். ஏனென்றால் இதில் கெட்டவன் யாரென்று சட்டென்று சொல்ல வராது.

10. முதல் அத்தியாயம் முடிந்ததும் கொழும்புக்குப் போட்டிக்கு அனுப்பாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லயத்து வாசலில் உட்கார்ந்து, தேத்தண்ணி போட்டு, நாலு பேருக்கு வாசித்துக் காட்டு. ஜப்பானிய வார்த்தை வரும் இடத்தில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கழிவு வரும் இடத்தில், "பதினெட்டு இல்லை, பதினேழுதான் போடுவான்" என்று யாராவது குறுக்கே பேசுவார்கள். பென்சிலும் கையுமாக இரு. எங்கே கொட்டாவி, எங்கே சண்டை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு வா. ரோபோவின் காலையும் சேர்த்துப் பேசுவோம்.