மஃரிபுக்குப் பின் அரை மணி நேரம்

சென்ற மாதம் ஒரு நிக்காஹ் வீட்டில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஓதச் சொன்னதும் ‘அலம்தர’ சூராவிலிருந்து ‘நாஸ்’ சூரா வரை தட்டுத் தடங்கலின்றி ஓதினாள். மாஷா அல்லாஹ் என்று மகிழ்ந்து, கையிலிருந்த அழைப்பிதழை அவளிடம் கொடுத்து, “மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று பார்த்துச் சொல்லும்மா” என்றேன். இரண்டு எழுத்துக்களைக் கூட்டினாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள். அதன்பின் அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. தன் உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தத் தாய் குன்றிப்போய்ச் சொன்னது இதுதான்: “மாமி, பள்ளிக்கூடத்துக்கு பீஸ் கட்டுறோம். டியூஷனுக்கும் அனுப்புறோம். நான் அஞ்சாம் வகுப்போட நின்னவ. இதுக்கு மேலே நான் என்ன செய்ய?”

இந்தக் கேள்வியை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் என்ற முறையில் அந்தச் சகோதரிக்குச் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற தாயால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதல் இரண்டு வகுப்புகளில் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. மூன்றாம் வகுப்பு முதல், வாசித்துத்தான் மற்றவற்றைக் கற்க வேண்டும். கணக்குக்கூட அப்போது வாக்கியமாக வந்துவிடும். வாசிப்பு வராத பிள்ளை அந்த இடத்தில் தேங்கிவிடுகிறது. பின்வரிசைக்குப் போய் வாய் திறவாமல் உட்காரப் பழகிக்கொள்கிறது. கொரோனாவினால் 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் வரை தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த இழப்பை ஈடுசெய்யவே அரசு 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’யையும், 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் தொடங்கிற்று. எட்டு வயதுக்குள் பிள்ளை பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்கு அறிய வேண்டும் என்பதே அந்த இரண்டாவது திட்டத்தின் குறிக்கோள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த அந்நாட்களில், தினமும் கொஞ்ச நேரம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது எழுத்தை மறக்காமல் வந்தார்கள் என்பதை நான் நேரிலேயே கண்டேன்.

“ஓதல் வந்தால் போதாதா?” என்று கேட்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். ஹிஜ்ரி 2-இல் நடந்த பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் அதுவே விடுதலைக்கு ஈடு என்று நபி (ஸல்) அவர்கள் வகுத்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கற்பித்தவர்கள் இஸ்லாத்தை ஏற்காதவர்கள். ஆகவே அவர்கள் சொல்லிக் கொடுத்தது வெறும் எழுத்தும் வாசிப்புமே என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி, வீட்டில் என்ன செய்வது என்பதைப் பார்ப்போம்.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, குறைவாக இருந்தாலும் விடாது செய்யப்படுவது என்னும் கருத்துள்ள ஹதீஸை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்கும் இதையே அளவாகக் கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பிடித்து உட்கார வைப்பதைவிட, தினமும் மஃரிபுக்குப் பின் அரை மணி நேரம் மேல். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதிலும் பாதி போதும். மஃரிபை நான் சொல்வதற்குக் காரணம், அது கடிகாரம் பார்க்காமலே வந்துவிடுகிறது. பாங்கு சொன்னதும் விளையாட்டு நின்று பிள்ளைகள் வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். தொழுத பாயைச் சுருட்டுமுன் அதிலேயே உட்கார்ந்துவிட்டால், “படிக்க வா” என்று பத்துத் தடவை கூப்பிடும் வேலை மிச்சம். அந்நேரம் மக்தபுக்குப் போகும் பிள்ளையானால் அஸருக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரமானாலும் தினம் அதே நேரமாக இருக்கட்டும்.

முதலில் எழுத்து. தமிழ் எழுத்துக்கள் 247 என்று சொல்லிப் பிள்ளையை மலைக்க வைக்க வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஓர் ஆய்தம். மற்ற 216-உம் இவை சேர்ந்து பிறந்தவைதாம். இதை விளங்கிக்கொள்ள நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. மக்தபில் அவர்கள் பே ஸபர் ப, பே ஸேர் பி, பே பேஷ் பு என்று ஓதி வந்தவர்கள். எழுத்து ஒன்று, குறி மாறினால் ஓசை மாறும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். “அங்கே மேலும் கீழும் போட்ட கோடு போலத்தான் இங்கே துணைக்காலும் கொம்பும்” என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், பிள்ளையின் முகம் தெளியும். இரண்டு இடங்களில் மட்டும் நிதானம் வேண்டும். தமிழில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஓசை பின்னால் வரும். இதில் பிள்ளைகள் இடறுவார்கள். கு, சு, டு, து, மு என்று உகர வரிசை ஒவ்வொன்றும் ஒவ்வோர் உருவம். இதற்குக் குறுக்கு வழி இல்லை, தினம் இரண்டாகப் பழக வேண்டியதுதான். ஓதல் வலமிருந்து இடம், தமிழ் இடமிருந்து வலம் என்பதில் தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அது ஒரு மாதக் குழப்பம், தானே தீர்ந்துவிடும்.

அடுத்தது வாசிப்பு. நாம் வீட்டில் “போறேன்” என்கிறோம். புத்தகத்தில் “போகிறேன்” என்று இருக்கிறது. பிள்ளை திணறுவதில் பாதி இதனால்தான். ஆகவே அரை மணியில் பத்து நிமிடம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பிள்ளை கேட்கட்டும். பள்ளிப் பாடமாயினும் சரி, நபிமார்களின் வரலாறாயினும் சரி. வாசிக்கத் தெரியாத உம்மா என்றால் யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றை வாயாலேயே சொல்லலாம். இன்று கிணறு வரை, நாளை மிஸ்ரு வரை என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி, மறுநாள் “நேற்று எங்கே விட்டோம்?” என்று கேளுங்கள். பிள்ளை முந்தைய கதையைத் தன் சொல்லில் கோத்துச் சொல்லும். எந்த டியூஷனிலும் கிடைக்காத பாடம் அது.

பிள்ளை தானே ஒரு பத்தி வாசித்தால், புத்தகத்தை மூடச் சொல்லி “என்னம்மா சொல்லியிருக்கு?” என்று கேட்க வேண்டும். சத்தமாக வாசித்துவிட்டுப் பொருள் தெரியாமல் எழுந்து போகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, ஒளித்துப் பயனில்லை. நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். தமிழ் எழுத்து அறியாத நம் உம்மும்மாக்கள் பலர் அரபுத் தமிழ் கிதாபுகளை வரி வரியாக வாசித்துப் பொருள் சொன்னவர்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியார்கள் மார்க்கச் சட்டங்களை அரபுத் தமிழில் எழுதி வைத்ததால், அரபு எழுத்து மட்டும் கற்ற பெண்களும் அவற்றைத் தம் வீட்டு மொழியிலேயே படித்து விளங்கிக்கொள்ள முடிந்தது.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கும் இதைத் தமிழிலேயே செய்யுங்கள். கதையைத் தமிழில் கோத்துச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு இங்கிலீஷிலும் அது கைகொடுக்கும். உங்களுக்குத் தெரியாத இங்கிலீஷைப் பேச முயன்று பிள்ளையின் முன் கூச வேண்டாம்.

எழுதுவதற்கு நான் சொல்லும் ஒரே பயிற்சி, வாப்பாவுக்கு இரண்டு வரி. எத்தனையோ வீடுகளில் வாப்பா சவூதியிலோ துபாயிலோ இருக்கிறார். முன்பு விமானத் தபால் வரும், பிள்ளைகளும் ஓரத்தில் நாலு வரி எழுதுவார்கள். இப்போது கைப்பேசியில் முகமும் குரலும் வந்துவிடுவதால் எழுதும் அவசியம் போய்விட்டது. அந்த அவசியத்தை நாமே உண்டாக்கலாம். “இன்று ஆடு குட்டி போட்டது. வாப்பா எப்போது வருவீர்கள்?” என்று பிள்ளை ஒரு தாளில் எழுதட்டும், அதைப் படம் பிடித்து அனுப்புங்கள். வாப்பாவும் ஒரு தாளில் தம் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். பேச்சாகப் பதில் அனுப்பினால் பயிற்சி கெட்டுவிடும் என்று அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்! எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கு முன் செய்தியைப் படித்துச் சந்தோஷப்படுங்கள். ழகர, ளகரப் பிழை இரண்டு மாதம் கழித்துத் திருந்தினாலும் போதும்.

கணக்குக்கு நம் வீடுகளைப்போல் வசதியான இடம் வேறு இல்லை. ஒரு நாளின் பர்ளு ரக்அத்துகள் எத்தனை? சுபுஹு 2, லுஹர் 4, அஸர் 4, மஃரிப் 3, இஷா 4; பிள்ளை விரல்விட்டுக் கூட்டி 17 என்று சொல்லும். “வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆ தொழுதால்?” 15. “பிரயாணத்தில் கஸ்ராகத் தொழுதால்?” நாலெல்லாம் இரண்டாகும், மஃரிப் மட்டும் குறையாது; 11. “வீட்டில் தொழும் உம்மாவுக்கு ஏழு நாளில் எத்தனை, ஜும்ஆவுக்குப் போகும் வாப்பாவுக்கு எத்தனை?” என்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு: 119, 117. ஏன் இரண்டு குறைந்தது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தஸ்பீஹும் அப்படியே. விரலுக்கு மூன்று கோடு, ஒரு கைக்கு 15, இரு கைக்கும் 30, இன்னும் ஒரு விரல், 33 ஆயிற்று. 33, 33, 34 சேர்ந்து 100 ஆவதைப் புளியங்கொட்டையில் பத்துப் பத்தாகக் குவித்துக் காட்டினால், பத்தும் ஒன்றும் என்ற இடமதிப்பு விளங்காத பிள்ளைக்கும் விளங்கும்.

ஒளுச் செய்யும்போது குழாயின் கீழே ஒரு வாளியை வைத்து, சேர்ந்த தண்ணீரைத் தம்ளரால் அளக்கச் சொல்லுங்கள். மறுநாள் ஒரு செம்பில் எடுத்துச் செய்து அதையும் அளக்கட்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்பதைப் பிறகு சொல்லுங்கள். அதன்பின் குழாயைத் திறந்துவிட்டு நிற்கும் பெரியவர்களைப் பிள்ளையே கேட்கும். அதற்கும் நாம் தயாராயிருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பிள்ளைகள் விரும்புவது பிறை பார்ப்பது. ரமலானுக்கும் பெருநாளுக்கும் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். ஒரு மாதம் முழுவதும் பார்க்கச் செய்யுங்கள். ஒரு தாளில் முப்பது கட்டம் கீறிக் கொடுத்து, மஃரிப் தொழுததும் முற்றத்திலோ மாடியிலோ நின்று பார்த்ததை வரையச் சொல்லுங்கள். முதல் பிறை மேற்கே தாழ்வாக நின்று சீக்கிரம் மறையும். நாளுக்கு நாள் உயரும். ஏழாம் நாள் சுமாரில் பாதி நிலவு உச்சிக்கு வந்திருக்கும். பதினான்கு அளவில் மஃரிப் நேரத்தில்தான் கிழக்கே முழு நிலவு எழும். அதன்பின் மஃரிபில் நிலவைக் காணோம் என்று பிள்ளை ஓடி வரும். “சுபுஹுக்கு எழுந்து பார்” என்று சொல்லுங்கள். சுபுஹுக்கு எழுப்ப நான் கண்ட நல்ல வழி இதுதான்! மேகம் மறைத்தால் கட்டத்தில் மேகத்தையே வரையட்டும். மாதம் 29-இல் முடிந்ததா, 30-இல் முடிந்ததா என்று தானே எண்ணிய பிள்ளைக்கு, ஹிஜ்ரி ஆண்டு ஏன் சுமார் 11 நாள் குறைகிறது, ரமலான் ஏன் ஆண்டுதோறும் முன்னால் வருகிறது என்பதைப் பின்னாளில் சொல்வது எளிது.

இனி நான் வெட்கத்தோடு எழுத வேண்டிய ஒன்று. பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைகளிடம் பொறுமையாயிருந்த நான், என் சொந்த மகளிடம் அப்படியிருக்கவில்லை. அவளுக்கு ஏழு வயது. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு மூன்றாம் தடவையும் தவறியது. சிலேட்டைப் பிடுங்கித் தரையில் அறைந்து, “உன் ராத்தா இப்படியா இருந்தாள்?” என்று கேட்டுவிட்டேன். மறுநாள் சிலேட்டைக் காணவில்லை. நாலு நாள் கழித்து அரிசிப் பானைக்குள் கை விட்டபோது அகப்பட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அழவும் இல்லை. அதன்பின் அவள் என்னிடம் கணக்குக் கேட்க வர ஓராண்டுக்கு மேலாயிற்று.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவனாக வந்து பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள், ஒரு தடவைகூட “சீ” என்ற சொல்லையோ, “ஏன் இப்படிச் செய்தாய்?” என்ற கேள்வியையோ தாம் கேட்டதில்லை என்று அறிவிக்கிறார்கள். தொழுகையைக்கூட ஏழு வயதில் ஏவவும், கண்டிப்பைப் பத்து வயதில் வைக்கவுமே மார்க்கம் சொல்கிறது. இடையில் மூன்றாண்டு. ஒரு நாளைக்கு ஐந்து வக்து என்று கணக்கிட்டால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை சொல்லிக் கொடுக்கும் அவகாசம். கழித்தல் கணக்கை மூன்று தடவையில் கேட்ட நான் எங்கே!

கோபம் வந்தால் பாடத்தை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வேண்டுமானால் அந்த நேரத்தில் பிள்ளை உங்களுக்குப் பாடம் சொல்லட்டும். அஞ்சாம் வகுப்போடு நின்ற அந்தச் சகோதரிக்கு நான் சொன்னதும் இதுதான்: “பள்ளியில் சொன்னதை எனக்குச் சொல்லிக்கொடும்மா என்று கேள், தெரியாதவளாகவே உட்கார்.” உம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் எந்தப் பிள்ளையும் வகுப்பில் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கும்.

அந்த அரை மணியும் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும்தான். ரமலானில் மஃரிப் நேரம் இதற்கு ஆகாது; நோன்பு திறப்பதும் தராவீஹுமாகப் பொழுது போய்விடும். அந்த ஒரு மாதம் ஸஹருக்கு எழுந்த பிள்ளையைச் சுபுஹுக்குப் பின் கால் மணி நேரம் உட்கார வையுங்கள். ஸஹருக்கு எழாத சின்னப் பிள்ளைக்கு அஸருக்குப் பின், நோன்புக் கஞ்சி கொதிக்கும் அடுப்படியிலேயே வாயால் கதையும் கணக்கும் போதும்.