பூனையின் பொறுமைக்கும் எல்லை உண்டு

பூனைக்கடிக்குச் சிகிச்சை பெற வருவோர் பலர், “மடியில் அமைதியாகத்தான் படுத்திருந்தது, தடவிக்கொண்டிருக்கும்போதே கடித்துவிட்டது” என்று எங்களிடம் கூறுவதுண்டு. பூனை முன்னரே காட்டிய குறிப்புகளைக் கவனியாமல் விடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

தொடுதலைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை பூனைக்குப் பூனை வேறுபடும். பிறந்த 2ஆம் வாரம் முதல் 7ஆம் வாரம் வரை மனிதக் கைகளில் பழகிய குட்டி, வளர்ந்த பின்னும் தொடுதலை எளிதில் ஏற்கும். அப்பருவத்தில் மனிதரை அறியாத குட்டி, பின்னர் அன்புடன் வளர்க்கப்பட்டாலும் சற்று விலகியே இருக்கக்கூடும். தந்தைப் பூனையின் இயல்பும் குட்டிகளிடம் தொடர்வதுண்டு. இதுவரை வருடலை விரும்பிய பூனை திடீரென மறுத்தால், மூட்டுவலியோ பல்நோயோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

கன்னம், தாடை, காதோரம் ஆகிய இடங்களில் வருடுவதைப் பெரும்பாலான பூனைகள் விரும்பும்; வயிற்றையும் வாலின் அடியையும் தொடுவதைப் பல பூனைகள் விரும்புவதில்லை. வால் வேகமாக அசைதல், காதுகள் பின்னோக்கி மடிதல், முதுகுத் தோல் துடித்தல், கையை நோக்கிச் சட்டெனத் தலையைத் திருப்புதல் ஆகியவை ‘போதும்’ என்பதன் அறிகுறிகள். சில முறை வருடியபின் கையை எடுத்துப் பாருங்கள். பூனை தானே வந்து உரசினால் தொடரலாம், இல்லையேல் விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கும் இதனைக் கற்பியுங்கள்.

பூனையின் பற்கள் மெல்லியவை, கூரியவை. வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே தசைநாண் வரையிலும் மூட்டு வரையிலும் சென்றிருக்கக்கூடும். பூனையின் வாயில் இயல்பாக வாழும் பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியா, 24 மணி நேரத்திற்குள்ளேயே வீக்கத்தையும் கடும் வலியையும் உண்டாக்க வல்லது. ரேபிஸ் என்னும் வெறிநோயும் பூனைக்கடியால் பரவலாம். அறிகுறிகள் தோன்றிய பின் அந்நோயிலிருந்து உயிர் பிழைத்தல் மிக அரிது.

ஆகவே கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதனையும் வைக்காதீர்கள். வீட்டுப் பூனைதானே என்று எண்ணாமல் அன்றே மருத்துவரிடம் வாருங்கள். தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

நீரிழிவு உள்ளோரும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும், உறுப்பு மாற்றத்திற்குப்பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போரும் சிறு கீறலையும் பொருட்படுத்த வேண்டும். இவர்கள் தம் பூனையைப் பிரியவேண்டும் என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதில்லை. அது ‘போதும்’ என்னும்போது கையை விலக்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறோம்.