தொப்பி போய் குக்கர் வந்த தொகுதி

கேள்வி: ஆர்.கே.நகர் அ.தி.மு.க. கோட்டைதானே?

பதில்: ஜெயலலிதா இருந்தவரை அப்படித்தான் தோன்றியது. 2015 இடைத்தேர்தலில் தி.மு.க. ஒதுங்கிக்கொள்ள, ஒன்றரை லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மறு ஆண்டே அது 39,545 ஆகச் சுருங்கியது. அவர் மறைவுக்குப் பின் 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த இடைத்தேர்தல், பணப் பட்டுவாடா புகாரால் ரத்தானது. அப்போது அ.தி.மு.க.வின் ஓர் அணி சார்பில் தொப்பி சின்னத்தில் நின்ற தினகரன், டிசம்பரில் குக்கரோடு வந்தார். சுயேச்சை! எதிரே அ.தி.மு.க.வின் இரட்டை இலையில், 1991இல் இதே தொகுதியில் வென்ற மதுசூதனன். தினகரன் வென்ற வித்தியாசம் 40,707, 2016இல் ஜெயலலிதா பெற்றதைவிடக் கூடுதல். தி.மு.க.வுக்கு டெபாசிட்டே போனது. கோட்டைக் கணக்கெல்லாம் கட்சிக்காரர்கள் போடுவது. 2021இல் அதே தி.மு.க. இங்கே ஜெயித்தது.