கொட்டேஷனில் எழுதாத சொற்கள்



சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடைப் படியேறிக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு கொட்டேஷன் கைக்கு வரும். "ஐ5 பிராசஸர், 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, கேமிங் கேபினட்" என்று நாலைந்து வரி, அடியில் ஒரு தொகை. 2013-இல் வந்த பிராசஸரை வைத்துக் கட்டிய கணினியும் இந்த வரிகளுக்குள் அடங்கும். 2022-இல் வந்ததை வைத்துக் கட்டியதும் அடங்கும். சீட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஏமாற்றம் வருவது எழுதாமல் விட்ட சொற்களில்.

கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் மானிட்டர். பல கொட்டேஷன்களில் அது இருக்காது, "மானிட்டர் தனி" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவார்கள். 1920-க்கு 1080 என்ற திரையில் 20,73,600 புள்ளிகள். 2560-க்கு 1440 என்றால் 36,86,400. 4கே திரையில் 82,94,400, அதாவது முதலாவதைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு காட்சிச் சட்டத்திலும் அத்தனை புள்ளிகளையும் கார்டுதான் கணக்கிட்டு வரைய வேண்டும். மானிட்டர் நீங்கலாக ரூ.60,000-க்குள் கட்டும் கணினிக்கு 1080 திரையே தகும். 4கே திரையை ஆசைப்பட்டு வாங்கி, பிறகு விளையாட்டின் தரத்தையெல்லாம் குறைத்து வைத்து ஆடுவதில் பயனில்லை. திரை பெரிதாவதைவிட 60 ஹெர்ட்ஸிலிருந்து 144 ஹெர்ட்ஸுக்குப் போவதே வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற சுடும் ஆட்டங்களில் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம்.

திரை முடிவான பிறகு கார்டு. மொத்தத் தொகையில் பத்துக்கு நான்கு பங்குவரை இதற்கே ஒதுக்கலாம். "8 ஜிபி கார்டு" என்ற வரி எதையும் சொல்லவில்லை. அந்த 8 ஜிபி, கார்டு தன் படங்களை அடுக்கி வைக்கும் அலமாரியின் அளவு மட்டுமே. வேலை செய்யும் கை எத்தனை என்பதை அது காட்டாது. ஆர்எக்ஸ் 580 என்ற கார்டு 2017-இல் 2304 கணக்கீட்டு அலகுகளோடு வந்தது. அதே பெயரில், வாலில் 2048எஸ்பி என்ற ஒட்டுடன் இன்னொன்றும் உண்டு. உள்ளே பார்த்தால் அது ஆர்எக்ஸ் 570. ஆர்டிஎக்ஸ் 3050 கதையும் இப்படித்தான்: 2022-இல் வந்தது 8 ஜிபி, 2024-இல் வந்தது 6 ஜிபி. குறைந்தது நினைவகம் மட்டும்தான் என்று தோன்றும். கணக்கீட்டு அலகுகளும் 2560-லிருந்து 2304 ஆகக் குறைந்திருக்கின்றன. பெயரை முழுமையாக, கம்பெனி மாடல் எண்ணோடு எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கடையில் விலை பேசவே தேவையில்லை.

இந்த ரூ.60,000 தொகைக்கு நெடுநாளாகப் பொருத்தமாக இருந்து வருவது 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி நினைவகம், 132 வாட் மின்சாரம். சாதாரண ஆட்டங்களில் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-ஐத் தெளிவாக முந்தும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வசதி கட்டாயம் வேண்டும் என்பவர் மட்டும் ஆர்டிஎக்ஸ் பக்கம் போகலாம். 4 ஜிபி கார்டுகள் இன்றைய பெரிய ஆட்டங்களில் திணறுகின்றன, புதிதாக வாங்க அவை ஏற்றவை அல்ல.

பழைய கார்டு வாங்குவது பாவமில்லை. ஈத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பரில் கார்டு கொண்டு தோண்டும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவும் பகலும் ஓடிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் மின்விசிறி தேய்ந்ததும் உண்டு, நன்றாக இருப்பதும் உண்டு. கடையிலேயே அரை மணி நேரம் கனமான ஆட்டம் ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தும் பார்க்க வேண்டும். பழைய சில்லில் புதுப் பெயரை ஏற்றிய போலிக் கார்டாக இருந்தால் அது பெயருக்கு முன்னாலேயே போலி என்று எழுதிக் காட்டிவிடும்.

பிராசஸர் வரியில் விடுபடுவது தலைமுறை. ஐ5 என்ற பெயர் 2009 முதல் இருக்கிறது. 2013-இன் ஐ5-4570 நான்கு கோர், நான்கு திரெட். 2022-இன் ஐ5-12400எஃப் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். கடைசி எழுத்தும் முக்கியம்: எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. பழைய ஐ5-ஐப் புது எச்81 போர்டில் பொருத்தி "கேமிங் செட்" என்று விற்பதைப் பார்க்கலாம். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அந்தச் செட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

ஆறு கோர் போதும். ரைசன் 5 5600 அந்த வகையில் நல்ல தேர்வு. பெட்டியோடு வாங்கினால் குளிர்விப்பானும் உடன் வரும். "ட்ரே" என்று சொல்லிக் குறைத்துத் தருவதில் பெட்டியும் இல்லை, குளிர்விப்பானும் இல்லை. வாரன்டி யார் பொறுப்பு என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கார்டுக்கு இப்போது பணம் இல்லாதவருக்கு 5600ஜி என்ற உறவுக்காரப் பிராசஸர் உண்டு. அதனுள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில் வேலரன்ட், ஜிடிஏ 5 ஆகியவற்றைக் குறைந்த தரத்தில் ஆடலாம், பணம் சேர்ந்ததும் கார்டு போடலாம். ஆனால் அதன் கேஷ் 5600-இல் இருப்பதில் பாதி, 16 எம்பி. கார்டுக்கான பாதையும் பழைய பிசிஐஇ 3. அதனால் நான்கு லேன் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டை இதனோடு இணைக்கவே கூடாது.

மதர்போர்டில் அதிகம் செலவழிக்க வேண்டாம். 5600-க்கு பி550 போதும். 2018-இன் பி450 கடையில் கிடந்த பழைய சரக்காக இருந்தால் பயாஸ் புதுப்பிக்காமல் 5600-ஐ அடையாளம் காணாது. கடைக்காரரே புதுப்பித்து, திரை வருவதைக் காட்டித் தர வேண்டும். அடுத்த தலைமுறை ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்4 ராம் பொருந்தாது. அங்கே போனால் ராமும் டிடிஆர்5 ஆக வேண்டும், தொகை ஏறும்.

"16 ஜிபி ராம்" என்பதில் விடுபடுவது ஒரு குச்சியா, இரண்டா என்பது. ஒரே 16-ஐவிட இரண்டு 8 மேல். பிராசஸர் இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் எடுக்கும், போடும். 5600ஜி-யில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது, ஏனென்றால் அதன் கிராஃபிக்ஸுக்கும் இதே ராம்தான் நினைவகம்.

எஸ்எஸ்டி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆட்டம் வேகமாகத் திறக்கும். ஆடும்போது சட்டங்களின் எண்ணிக்கையை அது கூட்டாது. எம்.2 வடிவில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இ-யும் உண்டு, எது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றே 150 ஜிபி இடம் கேட்கிறது. முடிந்தால் 1 டிபி.

இனி, கொட்டேஷனில் வரியே இல்லாத பொருள்: பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். "கேபினட்டோடு வரும்" என்பார்கள். அந்தத் தகரப் பெட்டியின் மேல் 450 வாட் என்று ஒட்டியிருக்கும். தொடர்ந்து அத்தனை வாட்டை அது தருமா என்பதற்கு ஒட்டிய காகிதம் சாட்சி ஆகாது. கையில் தூக்கிப் பார்த்தாலே பல நேரம் தெரியும், உள்ளே செம்பும் மின்தேக்கியும் குறைந்ததால் காற்றடைத்த டப்பா போல இருக்கும். 5600-ம் 6600-ம் சேர்ந்த கணினி முழுச் சுமையில் ஏறத்தாழ 250 வாட் இழுக்கும். ஆனால் கார்டு கணப்பொழுதில் அதைத் தாண்டி உறிஞ்சும். அப்போது மட்டமான எஸ்எம்பிஎஸ் அணைந்துபோனால் அதிர்ஷ்டம், அணையாமல் எரிந்தால் மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். நல்ல பெயருள்ள கம்பெனியின் 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) சான்றுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் தனியாக வாங்க வேண்டும். கார்டுக்கான எட்டுப் பின் கேபிள் அதில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிராசஸரில் ஒரு படி இறங்கினாலும் இதில் இறங்கக் கூடாது.

வீட்டு மின்சாரமும் இதோடு சேர்ந்தது. கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று அடித்தால் மூன்றாவது துளையில் எர்த் இல்லை என்று பொருள். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் 360 வாட் வரைதான் தாங்கும், சில நிமிடம் நிற்கும். ஆட்டத்தைச் சேமித்து அணைக்க அது போதும், தொடர்ந்து ஆட அல்ல.

கேபினட்டில் வண்ண விளக்குக்குக் கொடுக்கும் பணம் கார்டிலிருந்து எடுக்கும் பணம். முன்பக்கம் கண்ணாடியால் மூடியதைவிட வலை வைத்தது வேண்டும். ஏப்ரல், மே மாதச் சென்னையில் அறைக் காற்றே கொதிக்கும்போது, மூச்சு விட இடமில்லாத பெட்டிக்குள் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வலையில் தூசி படியும், மாதம் ஒருமுறை தூரிகையால் துடைத்தால் போகும்.

ஜிஎஸ்டி பில் வேண்டாம் என்றால் 18 விழுக்காடு குறையும் என்ற பேச்சு கட்டாயம் வரும். பில் இல்லாத பொருளுக்குச் சர்வீஸ் சென்டரில் பதில் கிடைக்காது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் ஏற வேண்டும், பெட்டியில் உள்ள எண்ணோடு அங்கேயே ஒத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் பொருத்தி முடித்த பிறகு நான்கு இடங்களில் பாகங்கள் பாதி வேகத்தில் தூங்கும். இரண்டு ராம் குச்சிகளும் நான்கு துளைப் போர்டில் பிராசஸரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் உட்கார வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி-யை இயக்காவிட்டால் 3200 ராம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும். கடைசியாக விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பைத் திறந்து பார்க்க வேண்டும்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்தாலும், கையால் மாற்றும்வரை அது 60-இலேயே நிற்பது வழக்கம்.